மிளகி மதில் ஏறினாள்

அரிசி ஆலையில் வாழ்ந்த மிளகி என்ற பூனை தின்று தின்று பருத்துவிட்டாள். ஒருநாள் தெருநாய் துரத்தியபோது அவளால் மதில்மேல் தாவ முடியவில்லை. வாலில் கடிபட்டு, மயிரிழையில் தப்பினாள்.

ஆலையின் மற்றப் பூனைகள் தினமும் காலையில் கூட்டமாகத் தாவிப் பழகின. அவற்றின் முன்னால் விழ வெட்கப்பட்டு, செங்காரி என்ற வெள்ளாட்டிடம் மிளகி தனியாகப் பயிற்சிக்குப் போனாள்.

செங்காரி அவளை மட்டுமே கவனித்தது. “பின்னங்கால்களைச் சேர்த்து ஊன்று, அவசரப்படாதே” என்று பொறுமையாகத் திருத்தியது. பத்தே நாளில் மிளகி பாதி மதில்வரை எட்டினாள். அதற்குமேல் முடியவில்லை. ஆடு உற்றுப் பார்க்கப் பார்க்க, காலை எப்படி ஊன்றுவது என்றே அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“என்னிடம் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டாய். இனி அந்தக் கூட்டத்தோடு தாவிப் பார்” என்றது செங்காரி.

மிளகி வரிசையின் கடைசியில் தயங்கி நின்றாள்.

“நேற்று நான் மூன்று தடவை விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. அவரவர் தாவுவதே அவரவருக்குப் பெரும்பாடு” என்றது பக்கத்தில் நின்ற ஒற்றைக்கண் பூனை.

எல்லாப் பூனைகளும் ஒன்றாகத் தாவின. யோசிக்க நேரமில்லாமல் அவளும் கண்ணை மூடிக்கொண்டு தாவினாள். திறந்தபோது மதில்மேல் இருந்தாள். இரண்டு வருடமாகப் பார்க்காத அடுத்த தெரு கீழே தெரிந்தது.

“இறங்கி இன்னொரு தடவை தாவலாமா?” என்று கேட்டாள்.