முள்வாங்கி

பிளேடை உறையிலிருந்து பிரித்தாள். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பவும் உறைக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

பிளேடு கண்ணை ஏமாற்றும். கையை ஏமாற்றாது.

வருகிறவளுக்குக் கண் தெரியாது.

சர்க்கரை முற்றி அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்று தங்கை பவளம் போனில் சொன்னபோது, இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுத கையோடு, பாழாய்ப்போன மனசு, ஒரு நிம்மதியும் பட்டது. அம்மா தன் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. தாடையில் பச்சையாகத் தெரிவதை மறைக்கப் பவுடர் அப்ப வேண்டியதில்லை.

அந்த நிம்மதி அரை நாள்கூட நிற்கவில்லை.

எந்தப் பிள்ளை எதிரே வந்தாலும் இரண்டு கையாலும் முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிக்கிறவள் அம்மா. ஊரான் பிள்ளைக்கே அப்படி. பெற்ற பிள்ளையைச் சும்மா விடுவாளா?

ஒருவேளை விட்டுவிட்டால்? முகத்தையே தொடாமல் இருந்துவிட்டால்?

அதை நினைக்கவே முடியவில்லை.

"அம்மாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. நீ மாறுனது, ஆப்பரேசன் பண்ணுனது, எல்லாம். கேட்டுக்கிச்சு. ஒரு வார்த்தை பேசல. மறுநா காலைல, என்னைய அங்கன கூட்டிட்டுப் போன்னுச்சு" என்றிருந்தாள் பவளம்.

அப்பா இருந்தவரை அந்த வீட்டில் இவள் பேச்சை எடுக்க முடியாது. தனக்கு மகனே பிறக்கவில்லை என்று தலைமுழுகியவர். இப்போது அவரும் இல்லை. அம்மா கமுதியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வருகிறாள்.

சவரம் செய்தால் காலையில் வழுவழுவென்று இருக்கும். மதியத்துக்குள் உப்புத்தாளாகிவிடும். கிரீம் ஒருமுறை போட்டுத் தோல் வெந்ததுதான் மிச்சம். நூல் போடுகிற பார்லர் பெண் நல்லவள். இவளை உட்காரவைத்து முயன்றும் பார்த்தாள். "இந்த முடி நூலுக்கு நிக்காதுக்கா" என்று கையை விரித்துவிட்டாள். லேசர் என்றால் மாசக்கணக்கில் நடக்க வேண்டும்.

முள்வாங்கிதான்.

அம்மாவின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கிய முள்வாங்கி. காது குடையும் குச்சியோடு ஒரே வளையத்தில் கோத்தது. வீட்டை விட்டு ஓடிவந்த அன்று இவள் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒன்றைத்தான். கருவேல முள் தைக்காத கால் அந்த ஊரில் ஏது? பாதத்தை மடியில் போட்டுக்கொண்டு, அம்மா கட்டை விரலால் தடவியே முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பாள். "அந்தா பாரு, காக்கா" என்பாள். இவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முள் வெளியே வந்திருக்கும்.

பிடுங்குவதென்றால் முடி பிடிபடும் அளவு வளர வேண்டும். சில நாளாக வேலைக்குப் போகவில்லை. பால்காரர் கூப்பிட்டால்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். பிடுங்குவதற்காகவே தாடியை வளர்க்க வேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"பிளேடப் போட்டு இழுத்துட்டுப் போவியா. கண்ணு தெரியாத பொம்பளைக்கு எதுக்குடி இம்புட்டுப் பாடு?" என்றாள், கூடத் தங்கியிருக்கும் ரோகிணி. இவள் முகத்தைப் பார்த்ததும் ஐஸ்கட்டி வாங்கப் போனாள்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

மேலுதட்டில் இழுத்தபோது கண்ணீர் தானாக வந்தது. தாடையில் புள்ளி புள்ளியாக ரத்தம். பாதிக்கு மேல் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தடவி எடுத்தாள். அம்மாவின் விரல் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம்.

மத்தியானம் பவளம் கையைப் பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா இளைத்திருந்தாள். கட்டில் விளிம்பைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். இவள் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா இரண்டு கையையும் நீட்டினாள்.

தலையில் வைத்தாள். வகிட்டைத் தடவினாள். பின்னலை முழுசாக உருவிப் பார்த்தாள். காதுத் தோட்டில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு இரண்டு உள்ளங்கையும் கன்னத்தில் இறங்கின.



கை வழித்துக்கொண்டே வந்தது. தாடைக்குக் கீழே, இடது பக்கம், நின்றுவிட்டது.

அங்கே ஒன்று விட்டுப்போயிருந்தது.

அம்மாவின் கட்டை விரல் அந்த இடத்திலேயே முன்னும் பின்னும் போயிற்று. வாசலில் நின்ற பவளம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொகமெல்லாம் புண்ணாக் கெடக்கே" என்றாள் அம்மா. "ஒத்தையிலயா ஒக்காந்து புடுங்குன?"

இவள் தலையை ஆட்டினாள். அந்தக் கைக்குள் ஆட்டியது அம்மாவுக்குத் தெரிந்தது.

"எங்க என் முள்வாங்கி? நீதான கொண்டுக்கிட்டுப் போன."

எடுத்துக் கொடுத்தாள். அம்மா வளையத்தைத் தடவினாள். காது குடையும் குச்சியைத் தடவினாள். முள்வாங்கியின் முனையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள். இவள் முகத்தை இழுத்து மடியில் சாய்த்து, மோவாயை நிமிர்த்திப் பிடித்தாள்.

கட்டை விரல் அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது.

"அந்தா பாரு, காக்கா" என்றாள்.

இவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.