படகில் ஒரு இடம்

படகில் ஏறி உட்கார்ந்ததும் அவள் முதல் வேலையாகப் பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள்.

திலகராணிக்காக.

சொன்னால் தெரு நம்பாது. இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே மதில். காயப்போட்ட துணி பறந்து அந்தப் பக்கம் விழுந்தால் கம்பை விட்டு இழுத்துக்கொள்வார்களே தவிர, கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் மனப்பாடம். அவள் மகளைப் பெண் பார்த்துப் போனவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். திலகராணிக்குப் பொய் வராது. "தங்கமான பொண்ணு. மார்கழியில மட்டும் கொஞ்சம் மூச்சு இழுப்பு வரும்" என்று சொல்லிவிட்டாள்.

வந்தவர்கள் காதில் தங்கம் விழவில்லை.

பிறகு அந்த மகளுக்கு அதைவிட நல்ல இடமே அமைந்தது. பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அப்போதே கோபத்தை விட்டிருக்கலாம். விடுவதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

இப்போது திலகராணி வீட்டை விற்றாகிவிட்டது. நாளைக்குச் சாமான் ஏற்ற லாரி வருகிறது. இனி நாக்பூரில் மகனோடு. வழியனுப்புகிற சாக்கில் தெருப் பெண்கள் வேன் பிடித்து இந்தத் தீவுக்குக் கிளம்பினார்கள். பவளப்பாறை பார்க்கப் போவதாகப் பேர். இவர்கள் இருவரும் பேசுகிறார்களா என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்ததே.

அவளும் பேசத்தான் வந்தாள். என்ன பேசுவது என்றுகூட முடிவு செய்திருந்தாள்.

"போறீங்களாமே மதினி."

அவ்வளவுதான். மிச்சத்தைத் திலகராணி பார்த்துக்கொள்வாள். அவளுக்கு வாய் உண்டு.

கழிப்பறை வரிசையில் மாட்டிக்கொண்ட திலகராணி, குடையும் கையுமாகக் கடைசியில் ஓடி வந்தாள்.

"இன்னும் ஒரு ஆள் ஏறலாம்க்கா. சட்டுனு வாங்க" என்றார் படகுக்காரர்.

திலகராணி ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தாள். காலி இடத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

பஸ்ஸோ, கல்யாணப் பந்தியோ, பை இருக்கிற இடத்தில் அந்தத் தெருக்காரர்கள் உட்கார மாட்டார்கள். யாருக்கு என்று கேட்பதும் மரியாதை இல்லை.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

அவள் கை பையின் காதைப் பிடித்தும்விட்டது. அந்த நேரம் பார்த்துப் படகே திரும்பி அவளைப் பார்த்தது. எதிர்வரிசையில் இருந்த ஜோதிமணி தன் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

கை அப்படியே நின்றது.

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"நான் அடுத்த நடையில வாரேன் தம்பி" என்று திலகராணி காலை எடுத்துக்கொண்டாள்.

கயிறு அவிழ்ந்தது.

படகின் அடியில் கண்ணாடி. அதன் கீழே மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளப்பாறை. ஊடே நீல மீன்கள்.

"ஏ, இந்தக் கலர்லதான்டி நான் பட்டு கேட்டேன்! அப்படி ஒரு கலரே கிடையாதுன்னு சாதிச்சுட்டான் கடைக்காரன்" என்றாள் ஜோதிமணி. எல்லோரும் கண்ணாடிமேல் கவிழ்ந்தார்கள்.

அவள் கவிழவில்லை. கரையில் ஒரு குடை சின்னதாகிக்கொண்டே போனது.

தீவு வெள்ளை மணலாகக் கிடந்தது. ஆட்களை இறக்கிவிட்டுப் படகு மறுபடி அக்கரைக்குத் திரும்பியது. வனக்காவலர் ஒரு நட்சத்திர மீனைக் கையில் ஏந்திக் காட்டினார். பெண்கள் அலறினார்கள். பிறகு அதனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அலையாத்திக் காட்டுக்குள் பேர் தெரியாத பறவைகள் கூப்பிட்டன.

"நீங்க வரலையாக்கா?"

"கால் வலிக்கி."

கால் வலிக்கிறவள் உட்கார அல்லவா வேண்டும் என்று ஜோதிமணி நினைத்தாள். சொல்லவில்லை. போகிற வழியில் மற்றவர்களிடம் சொன்னாள்.

அவள் மட்டும் அலை காலைத் தொடும் கரையோரத்திலேயே நின்றாள்.

போறீங்களாமே மதினி.

சொல்லிப் பார்த்தபோது அது போதாது போல் இருந்தது.

போகணுமா மதினி.

இது பரவாயில்லை.

காற்று ஏறியது. தண்ணீர் நிறம் மாறியது. தூரத்தில் படகு தெரிந்தது. அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

படகுக்காரரைத் தவிர அதில் யாரும் இல்லை.

"காத்து சரியில்லக்கா. இனி ஆள் ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. வாங்க, எல்லாரும் திரும்பிருவோம்."

திரும்பும்போது யாரும் மீன் பார்க்கவில்லை. அலை அடித்து எல்லோரும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேன் நிழலில் திலகராணி நின்றிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

ஜோதிமணி வாயைத் திறந்தாள். போனில் படங்களும் தயாராக இருந்தன.

"பாக்க ஒண்ணுமே இல்ல" என்று அவள் முந்திக்கொண்டாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "வெறும் மணலு. வெயிலு. நீங்க வராததுல ஒரு நஷ்டமும் இல்ல."

ஜோதிமணி அவளைப் பார்த்தாள். திலகராணியைப் பார்த்தாள். போனை மெல்ல இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆமா, மணலுதான்" என்றாள்.

"கண்ணெல்லாம் கூசுது" என்றாள் இன்னொருத்தி.

ஒரு பொய்க்கு அந்தத் தெரு இப்படி ஒற்றுமையாக நின்றதே கிடையாது.

திலகராணியின் பார்வை கீழே இறங்கியது. எதிரே நின்றவளின் முழங்கால் வரை ஈரமாகிக் கனத்துத் தொங்கும் சேலை. மடிப்பெல்லாம் மணல்.

"ஒண்ணுமே இல்லாத எடத்துலயா மதினி, இம்புட்டு நேரம் தண்ணிக்குள்ள நின்னீங்க?"

வேன்காரர் ஹாரன் அடித்தார்.

அவள் குனிந்து சேலை விளிம்பைப் பிழிந்தாள்.

பிழிய ஒன்றும் இல்லாமல் போன பிறகும் நிமிரவில்லை.