படுத்துப் பார்த்து வாங்கிய கார்

"தம்பி, இதுல கொஞ்சம் படுத்துப் பார்க்கலாமா?"

பழைய கார் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு வருஷ வியாபாரத்தில் டயரை உதைத்துப் பார்த்தவர்கள் உண்டு, ஹாரனை அடித்துக் காதைப் பிளந்தவர்கள் உண்டு. படுத்துப் பார்க்கிறேன் என்று வந்து நின்றவர் இந்தப் பெரியவர்தான்.

கூடவே அவர் மனைவி. வலது முழங்காலில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. கடை திறந்ததும் வந்தவர்கள், ரெண்டு கார்களை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவதன் பக்கம் வந்து நின்றிருந்தார்கள்.

"ஐயா, ஓட்டிப் பாருங்க. தூங்கறதுக்கா கார் வாங்கறாங்க?"

"ஓட்டறதும் வேணும்தான். விலை கையைக் கடிக்கக் கூடாது, பெட்ரோலைக் குடிக்கக் கூடாது, ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கணும். அவ்வளவுதான் நம்ம கண்டிஷன்."

பின் சீட்டை மடித்துவிட்டு அந்த அம்மா மெதுவாக ஏறிப் படுத்தார்.

"என்னங்க, இடுப்புல இடிக்குது. நடுவுல மேடா இருக்கு."

"கொஞ்சம் தள்ளிப் படேன்."

"தள்ளிப் படுத்தா கால் கதவை விட்டு வெளிய வருது. ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து வெச்சுக்கவா?"

கடைக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தலையணை ஏதாவது கொண்டுவரச் சொல்லட்டுமாம்மா?"

"இருந்தா நல்லதுதான் தம்பி."

கிண்டல் பண்ணினால்கூடப் புரியவில்லையே! சரியான கஞ்சப்பிசினாறி ஆள் இந்தப் பெரியவர், லாட்ஜுக்குக் கொடுக்க மனசு வராமல் காரிலேயே குடித்தனம் நடத்தக் கிளம்பிவிட்டார் என்று கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார். அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. வெளியூர் போனா ஒரு ரூம் போட்டுத் தங்கலாமே? முட்டி வலியோட இருக்கறவங்களை இப்படிப் பெட்டி படுக்கை மாதிரி பின்னாடி போடணுமா?"

அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"பொண்ணைப் பார்க்கப் போறோம் தம்பி. ரூம் போட்டா, 'என் வீடு இருக்கறப்ப லாட்ஜா'ன்னு அவ அழுதே தீர்த்துடுவா."

"அப்ப பொண்ணு வீட்லயே தங்குங்களேன்."

"இருக்கறது ஒரே ரூம். அதுல சம்பந்தியம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. போன தடவை ஹாலை எங்களுக்குக் கொடுத்துட்டு மாப்பிள்ளை மொட்டை மாடிக்குப் போயிட்டார். நல்ல மழை. எங்களை எழுப்பக் கூடாதுன்னு நனைஞ்ச பாயோட மாடிப்படியிலயே உட்கார்ந்திருக்கார், பாவம்."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதனால இனிமே, 'என்கூட வேலை பார்த்தவர் வீடு பக்கத்துலதான், அங்க படுத்துக்கறோம்'னு பொண்ணுகிட்ட சொல்லப் போறேன். அப்படி யாரும் அங்க கிடையாது. ரெண்டு தெரு தள்ளி வண்டியை ஓரங்கட்டிப் படுத்துட்டு, காலையில அவ வீட்டுக்குப் போய்க் குளிச்சுக்குவோம். பேத்தியை மாசம் ஒரு தடவையாவது பார்க்காம இருக்க முடியலை தம்பி."

கடைக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வாங்க," என்று ஷெட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ரொட்டிப் பெட்டி மாதிரி உயரமாக ஒரு கார் நின்றது. எட்டு மாதமாக யாரும் சீந்தவில்லை. அழகு இல்லை, ஆனால் சின்ன இன்ஜின், நல்ல மைலேஜ். சீட்டை மடித்தால் தரை மட்டமாக ஆகிவிடும்.

அந்த அம்மா ஏறிப் படுத்தார். "என்னங்க! காலை நீட்டினாலும் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கு!"

பெரியவரும் ஏறிப் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் காற்று வருகிறதா என்று பார்த்தார். ரெண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. கடைக்காரர் தானாகவே விலையைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்.

காகிதங்களில் பெரியவர் கையெழுத்துப் போடும்போது டீ வந்தது. கடைக்காரருக்குப் பேச்சு சுவாரசியம் தாங்கவில்லை.

"இருந்தாலும் நீங்க ரொம்பத்தான் யோசிக்கறீங்கய்யா. எங்கப்பாகிட்ட இந்த வம்பே இல்லை. மாசா மாசம் வருவார், பேரப் பசங்களோட விளையாடுவார். ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு முடிச்சதும், 'கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்'னு பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவார். என் வீட்ல மூணு ரூம் இருக்கு. ஒரு நாள் தங்கினதில்லை. அவர் கட்டில்ல படுத்தாத்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். நாங்களும் வற்புறுத்தறதில்லை."

"அப்பாவுக்கு எந்த ஊரு தம்பி?"

அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரைச் சொன்னார் கடைக்காரர்.

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த ஊர் பஸ்ஸுல இருபத்தாறு வருஷம் நான்தான் கண்டக்டர். ரிட்டயராகி மூணு மாசம்தான் ஆகுது." சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினார். "கடைசி வண்டி ஏழு மணிக்கே போயிடும் தம்பி. அதை விட்டா விடிகாலை நாலே முக்காலுக்குத்தான்."

"சேச்சே, இருக்காதுங்க. வீடு போய்ச் சேர்ந்ததும் அப்பா போன் பண்ணிடுவாரே..."

"எப்பப் பண்ணுவாரு?"

"காலையில..."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த அந்த அம்மா, சூதுவாது இல்லாமல் கேட்டார்:

"அப்ப உங்கப்பா ராத்திரி எங்கே தம்பி படுக்கறாரு?"