உறை

வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் அருள்தாசும் அவர் மனைவி ரெஜினாவும் கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இன்ஜின். அதன் மூடிக்கு அடியிலிருந்த பழைய பஞ்சு பொடிப்பொடியாய் உதிர்ந்து, சூடும் இரைச்சலும் அப்படியே மேலே வந்தன. அருள்தாஸ் அதைச் சுரண்டியெடுத்துவிட்டு, வெள்ளித்தாள் போட்ட புது ஃபோமை ஒட்டினார். வண்டி பூனை மாதிரி நடந்தது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மலையேறி மூன்று நாளாகத் தயிர் உறையவில்லை.

"பால்ல தண்ணி போலங்க," என்றாள் ரெஜினா.

உறை ஊற்றிய தூக்குவாளியை அவள் எப்போதும் அந்த மூடிமேல்தான் வைப்பாள். அருள்தாஸ் மூடியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, வாளியின் அடியளவுக்குக் கோடு போட்டு, ஃபோமை வட்டமாக வெட்டியெடுத்தார்.

மறுநாள் கொண்டை ஊசி வளைவில் பழைய இரைச்சல் கிளம்பியது.

"தயிர் உறைஞ்சிருச்சுங்க!" என்று கத்தினாள்.

"என்னது?"

அவள் சாய்ந்து, அவர் காதோடு வாய் வைத்து மறுபடி சொன்னாள். முதல் தடவையே அவருக்குக் கேட்டிருந்தது.