இடது மூலை வெளிச்சம்

மைதானத்தில் இருக்கிற இடத்துக்கு மேல் கச்சேரி டிக்கெட் விற்றவர்கள் காவலுக்கு ஓர் ஆளைக்கூட நிறுத்தவில்லை. தடுப்புக் கம்பி சரிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததும், இடது மூலையில் இருந்தவர்கள் உதவிக்குக் கத்திக்கொண்டே செல்போன் விளக்கைப் போட்டு மேடையை நோக்கி ஆட்டினார்கள். பாடகர் ஜோயல் கிடார் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்துக் கை காட்டினார்.

"அந்தப் பக்கத்தப் பாருங்கப்பா! மத்தவங்களும் லைட்டப் போடுங்க!"

மைதானம் முழுக்க வெளிச்சமானது. இடது மூலை அதில் கரைந்துபோனது. அவர் கண்களை மூடிக்கொண்டு இன்னொரு முறை பல்லவியைப் பாடினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், காலில் மாவுக்கட்டுடன் படுத்திருந்த பெண்ணிடம் பூங்கொத்தை நீட்டினார்.

"மன்னிச்சிரும்மா. கூட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியல."

"எங்களப் பாத்துதானேண்ணா கை காட்டுனீங்க?" என்றாள், கோபமே இல்லாமல். "ஆள் அனுப்பிட்டீங்கன்னு நெனச்சு, கத்துறத நிறுத்திட்டோம்."