ஆந்தைப் புழுவும் எலிப் புழுவும்

கணவன் பறவைகளின் வயிற்றுப் புழுக்களை ஆராய்பவன்; மனைவி பாலூட்டிகளின் வயிற்றுப் புழுக்களை. இருவரும் ஆளுக்கொரு புதுப் புழுவைக் கண்டுபிடித்து, தங்கள் இரண்டு அம்மாக்களின் பெயரையும் ஆளுக்கொன்றாகச் சூட்டியிருந்தார்கள்.

அன்று மரபணுச் சோதனை முடிவு வந்தது.

"என்னங்க, உங்க ஆந்தைப் புழுவும் என் எலிப் புழுவும் ஒண்ணுதானாம்! எலிக்குள்ள குட்டியா இருக்கு. எலியைத் தின்ன ஆந்தைக்குள்ள போய்ப் பெருசாகுது!"

"அப்ப ஒரு பேருதானே நிக்கும்?"

"முதல்ல வச்ச பேரு," என்றாள் மனைவி, சுரத்தே இல்லாமல்.

"நான் மார்ச்லயே வச்சுட்டேன். நீ ஜூன்லதான்!" சுழல் நாற்காலியில் மூன்று சுற்றுச் சுற்றினான் கணவன். நுண்ணோக்கிக்கு ஒரு முத்தம் வேறு.

"கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்..."

"நடக்கவே நடக்காது! உலகம் உள்ளவரைக்கும் நான் வச்ச பேருதான்!"

மனைவியின் முகம் சுருங்கிப்போனது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அதற்குள் தன் அம்மாவுக்குப் போன் போட்டிருந்தான்.

"அம்மா, தப்பிச்சுட்ட! உன் மருமக புழுவுக்கு வச்ச உன் பேரை எடுத்தாச்சு. இனிமே ஆந்தை வயித்துலயும் எலி வயித்துலயும் நெளியப்போறது என் மாமியார் மட்டும்தான்!"