அழாத மகள்

சணல் துணியை ஒருத்தியும் தொடவில்லை.

படத்தில் அது ஒரு சீனச் சாவு வீடு. பெட்டிக்கு முன்னால் அந்தச் சணல் இழவுத் துணியை உடுத்தி மண்டியிட ஒரு மகள் வேண்டும். பாரிஸில் எங்கள் ஆட்கள் இருக்கும் பெல்வில்லிலிருந்து பதினோரு பெண்களைக் கூட்டி வந்திருந்தேன். இயக்குநர் சொலாஞ்ச் ஒவ்வொருத்தியாகக் கைகாட்ட, ஒவ்வொருத்தியும் பின்னால் நகர்ந்தாள்.

“எங்கம்மா உயிரோட இருக்கா. நீ தலைகீழா நின்னாலும் நான் உடுத்த மாட்டேன்” என்றாள் நகப்பூச்சுக் கடை மெய்ஜூ.

பெற்றவள் உயிரோடிருக்க மகள் சணல் உடுத்தினால் அது பெற்றவளைக் கொண்டு போய்விடும். சீனாவில் எங்கள் வென்ஜோ ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிரெஞ்சில் எடுத்துச் சொன்னேன். சொலாஞ்ச் கண்களை அகல விரித்து, “எவ்ளோ அழகா இருக்கு!” என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, “ஆனா இது சினிமாதானே?” என்றாள்.

அவள் நல்லவள்தான். சீனாவுக்கு மூன்று முறை போய் வந்தவள். எந்நேரமும் கையில் இந்தப் படத்துக்கு மூலமான நாவல் இருக்கும், யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியது. அதில் ஓயாமல் மழை பெய்யும். எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டிலோ சத்தம் போடாமல் ஒரு வாய்ச் சோறு உள்ளே போனதில்லை.

சாவு வீட்டில் சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தாள். வெள்ளைதான் கட்டுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். வெள்ளை கேமராவில் எடுபடாதாம்.

நான் தள்ளியே நின்றேன். எனக்கு ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சி இழவு வீட்டு நிழலில்கூட நிற்கக் கூடாது. கூட்டி வந்த பதினோரு பேரில் என் அக்காவும் ஒருத்தி. அவள்தான் காலையில் கெட்டது அண்டாமலிருக்க என் வயிற்றைச் சுற்றிச் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். “பொய்ப் பெட்டின்னாலும் பெட்டி பெட்டிதான்டி” என்றாள். அவள் அப்படி. சாப்பிடும் குச்சியைச் சோற்றில் குத்தி வைத்தால், செத்தவர்களுக்குத்தான் அப்படி வைப்பார்கள் என்று கையிலேயே அடிப்பாள்.

அந்த அக்கா கூட்டத்திலிருந்து முன்னால் போய்ச் சணலைக் கையில் எடுத்தாள்.

ஊரில் அம்மா ஒரு மாதத்துக்கும் மேலாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பக்கவாதம், பேச்சு போய்விட்டது. அக்காவுக்கு விசா கிடையாது, போனால் திரும்ப முடியாது. எனக்கு இந்த வயிறு. அண்ணன் அக்காவுக்குத்தான் போன் செய்வான். இன்றைக்குக் கஞ்சி இறங்கியது, இன்றைக்கு விரல் அசைந்தது என்று அவள் வந்து சொல்வாள். அந்த ஒரு விரலை நம்பித்தான் நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கொண்டுபோய் அம்மா மடியில் போட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

“உனக்கென்ன பைத்தியமா? ஒரு சினிமாவுக்காக அம்மாவ கொல்லப் பாக்குறியா?”

நான் போட்ட சத்தத்தில் விளக்குக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். அக்கா திரும்பவில்லை. சணலை உடுத்தினாள். இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மெய்ஜூ வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேமரா ஓடத் தொடங்கியது. அக்கா மண்டியிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் நெற்றியைத் தரையில் மோதி ஒப்பாரி வைத்தாள். எங்கள் ஊரில் மூன்று தெருவுக்குக் கேட்கும் அதே ஒப்பாரி.

சொலாஞ்ச் கையை உயர்த்தி நிறுத்தினாள். “ஐயோ, இது ரொம்ப அதிகம். சீனாக்காரங்க இப்படி அழ மாட்டாங்க, உள்ளயே வெச்சுக்குவாங்க. நாவல்ல அந்த மக ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. போய்ச் சொல்லும்மா.”

வயிற்றை மறந்தேன், பெட்டியை மறந்தேன், நேராக நடந்தேன். சொல்வதற்காக இல்லை. அந்தச் சணலை உருவி எறியத்தான் போனேன்.

தோளைப் பிடித்தேன். அக்கா நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. கேமரா நின்றுவிட்டிருந்தது. அவள் உடம்பு நிற்காமல் குலுங்கிக்கொண்டிருந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

“எப்போ?” என்றேன்.

“இருவத்திரெண்டு நாளாச்சு.” தரையைப் பார்த்தே சொன்னாள். “புள்ள பொறக்குற வரைக்கும் உனக்குத் தெரியக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டான். ஒரே ரூம்ல நீ இருக்கியே... நான் எங்கடி போய் அழுவேன்?”

“சொல்லிட்டியா?” என்று சொலாஞ்ச் அங்கிருந்து கேட்டாள்.

“அழக் கூடாதாம்” என்றேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்து புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். “நீயும்தான்” என்றாள், என் வயிற்றைப் பார்த்து.

நான் திரும்பி வந்து சொலாஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். கேமரா மறுபடி ஓடியது. சின்னத் திரையில் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. கண் காய்ந்திருந்தது, உதடு அசையவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். அம்மாவின் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால் போதும், உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது. சொல்லவில்லை.

சொலாஞ்ச் என் கையைப் பிடித்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“பாத்தியா,” என்றாள் மெல்ல, “இதுதான் சீனா.”